காலிங் பெல் சுவிட்ச் வைத்த பைபிள் பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பேசும் பைபிள் பெட்டியை வாங்கலாம். ஆனால் வாங்கினபடியே வயதானவர்கள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

நான் காரைக்குடியில் ரேடியோ மெக்கானிக். 1987இல் கடை போட்டேன். இப்போது ரேடியோ யாரும் கொண்டுவருவதில்லை. மிக்ஸி, டேபிள் ஃபேன், எமர்ஜென்சி லைட் என்று ஓடுகிறது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி, பெட்டியைக் கழற்றிப் பார்த்து எழுதியது. மீதிப் பாதி என் அம்மா சொன்னது. அம்மாவுக்கு 84 வயது. எழுதப் படிக்கத் தெரியாது.

பொருள் இதுதான். சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தலையில் கறுப்பாக ஒரு சோலார் தகடு, முன்னால் ஸ்பீக்கர் சல்லடை, அதற்குக் கீழே எண் பொத்தான்கள். தமிழ் வேதாகமம் முழுவதும், 66 புத்தகமும் 1,189 அதிகாரமும் இதற்குள் பேசும். விலை 1,450 ரூபாய். மதுரை போயிருந்தபோது ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கினேன். செய்தவர் யார் என்று அட்டையில் எங்கும் இல்லை. அட்டையின் முன்பக்கம் மட்டும் பெரிய எழுத்தில், 'விசுவாசம் கேள்வியினால் வரும்' என்று ரோமர் 10:17 இருந்தது.

ஏன் வாங்கினேன் என்றால், சாயங்காலம் ஆறரைக்கு லைட்டைப் போட்டதும் என் வீட்டுக்காரி தன் அத்தைக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஓர் அதிகாரம் வாசிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. மகளுக்குப் பிரசவம் என்று திருப்பூர் போனவள் ஐந்து மாதம் வரவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. "நீ வாசிச்சா கரண்ட் பில்லு படிக்கிற மாதிரி இருக்குய்யா" என்று இரண்டாம் நாளே அம்மா சொல்லிவிட்டார். சரி, பெட்டி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், அதுதான் என் தொழில். உள்ளே இரண்டு அங்குல ஸ்பீக்கர். பாட்டுக்கு உதவாது, அடித்தொண்டைச் சத்தம் வராது. பேச்சுக்குப் பரவாயில்லை. வயதானால் காதில் முதலில் போவது உயர்ந்த சுருதிதான். ச, ஸ மாதிரி எழுத்துகள் கரைந்துவிடும். அந்த நிலையில் வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், வார்த்தை தெளியாது. இதில் பழைய ஏற்பாட்டை ஒரே ஆண் குரல், நிதானமாக, பின்னணி எதுவும் இல்லாமல் வாசிக்கிறது. அம்மாவுக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சத்தம் அதில் பட்டுத் தெறித்து எதிரொலிக்கிறது. காலியான ஒரு மரப்பெட்டி மேல் வைத்தேன், குரலுக்குக் கொஞ்சம் கனம் வந்தது.

புதிய ஏற்பாட்டில்தான் சொதப்பல். அது நாடகம் மாதிரி பல குரலில், இசையோடு பதிவானது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்னணிக்குப் பொறுப்பாக இருந்தவர் கையைக் கட்டவே இல்லை. மாற்கு 4இல் படகில் இயேசு எழுந்து கடலைப் பார்த்து, "இரையாதே, அமைதலாயிரு" என்று சொல்கிற இடம். அலைச் சத்தம் அந்த வசனத்தையே முழுங்கிவிட்டது. கடல் கேட்டது, ஒலிப்பதிவுக்காரர் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்த வசனம் மனப்பாடம் என்பதால் அவரே சொல்லி நிரப்பிக்கொண்டார். புதிதாகக் கேட்கிறவர் என்ன செய்வார்?

மொழி பழைய மொழிபெயர்ப்பு, 1871இல் பவர் ஐயர் என்ற பாதிரியாரின் குழு முடித்துக் கொடுத்தது. ஸ்திரீ, புருஷன், வியாகுலம், இரத்தாம்பரம் என்று வரும். 1995இல் வந்த திருவிவிலியம் இன்றைக்குப் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இளம்பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அம்மா கேட்டு வளர்ந்தது பழையதுதான். அதன் வாக்கியங்கள் கண்ணால் படித்தால் நீளம், காதால் கேட்டால் ஊஞ்சல் மாதிரி போய் வரும்.

அடுத்தது ஞாபகசக்தி. இந்தப் பெட்டிக்கு அது கிடையாது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி ஆதியாகமம் 1இல் நிற்கும். "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." முதல் வாரம் இதையே ஒன்பது தடவை கேட்டோம். "உலகத்தப் படைச்சு முடிக்கவே விட மாட்டேங்குதே" என்று அம்மா அலுத்துக்கொண்டார்.

விளக்கத் தாளில் இல்லாத ஒரு வழியை நானாகக் கண்டுபிடித்தேன். எண் பொத்தானில் நீங்கள் அடிக்கிற எண், வேதாகமம் முழுவதற்கும் அதிகாரத்தின் வரிசை எண். பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரம், புதியதில் 260. ஆக மத்தேயு 1 கேட்க 930 அடிக்கவேண்டும். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரூத் 233. சங்கீதம் 119, அந்த 176 வசனமும் ஒரே மூச்சில் கேட்க, 597. ரோமர் 10க்கு 1056. யோவான் 3 சரியாக 1000 என்று வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். சரிதான். அம்மாவுக்கு எழுத்து தெரியாதே தவிர எண் தெரியும், சந்தைக்குப் போய் வந்தவர் ஆயிற்றே. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்கிற 23ஆம் சங்கீதத்துக்கு எண் 501. "சோப்பு நம்பர்" என்று சிரித்தார். அதன் பிறகு அந்த ஒன்றுக்கு மட்டும் யாரையும் கூப்பிடுவதில்லை.

பேட்டரி. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பழைய நோக்கியா போனில் போடுகிற பிஎல்-5சி செல். இதற்காகவே நான் இந்தப் பெட்டியை மன்னிக்கத் தயார். செல்போன் கடையில் கிடைக்கும், மாற்ற ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். சோலார் தகடு மட்டும் விளம்பரத்துக்கு. எங்கள் ஊர் வெயிலில், நடுப்பகலில், மீட்டர் வைத்துப் பார்த்தேன், 45 மில்லி ஆம்பியர் தருகிறது. பெட்டி பேசும்போது 110 குடிக்கிறது. நாள் முழுக்கக் காய வைத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் பேசும். கரண்ட் போன நாளுக்கு அது போதும், மற்ற நாளுக்குச் சார்ஜரைப் போடுங்கள். இன்னொன்று, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்துவிட்டு மறந்தேன். செல் வயிறு உப்பிவிட்டது. பேட்டரியை ஆராய்கிற சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தப்பைச் செய்ததை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

செல் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்க, பெட்டியை நான்கு நாள் கடைக்குக் கொண்டுபோய் ஓடவிட்டேன். அங்கேதான் வேடிக்கை தொடங்கியது.

மிக்ஸி ஜார் பிளேடு மாற்ற வந்த ஓர் ஆச்சி, வேலை முடிந்தும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. ரூத் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் செத்த பிறகும் மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று ஒரு மருமகள் அடம்பிடிக்கிற கதை. நான்கே அதிகாரம். "இது எந்த ஊர்ல நடந்தது தம்பி?" என்றார். மோவாப் தேசம், பெத்லகேம் என்றேன். "நல்ல பிள்ளை. கடைசில அவளுக்கு நல்லபடியா முடியுதா?" முடிகிறது ஆச்சி, ஒரு மகன் பிறக்கிறான் என்றேன். "இரு, நீ சொல்லாத, அதுவே சொல்லட்டும்" என்று கடைசி வரை இருந்து கேட்டுவிட்டு ஜாரை எடுத்துக்கொண்டு போனார். அவர் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. ஒரு நல்ல கதையைக் கேட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

இந்த ஊர் கேட்டே பழகிய ஊர். 1939இல் சா. கணேசன் ஆரம்பித்து வைத்த கம்பன் திருநாளில், கம்பராமாயணத்தில் ஒரு பாட்டைக்கூடத் தானாகப் படித்திராத எத்தனையோ பேர் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்பார்கள். அப்பாவோடு நானும் போயிருக்கிறேன். அப்பா கொத்தனார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயம், பங்குனியில் கம்பன். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்தச் சண்டையும் இருந்ததில்லை.

கடைக்கு அடுத்த சந்தில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பேப்பர் படிக்க வருவார். பெட்டி அட்டையில் இருந்த வசனத்தைப் பார்த்துவிட்டு, "கேள்வின்னா இங்க என்ன அர்த்தம் சொல்லு" என்று என்னைச் சோதித்தார். எனக்கு இது பழைய காயம். ஞாயிறு பள்ளியில் இந்த வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னபோது, கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அடுத்த வாரம் ஐந்து கேள்வி கேட்டேன். ஆதாமின் மகன் காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்பது மூன்றாவது. வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தார்கள். வாத்தியார் கேட்டுவிட்டுச் சிரித்தார். கேள்வி என்றால் பழைய தமிழில் கேட்டல், காதால் பெறுகிற அறிவு. திருக்குறளில் 42ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர், படிக்காதவனானாலும் கேட்கட்டும் என்று அதில் ஒரு குறள் சொல்கிறது என்றார். படிக்காத என் அம்மாவுக்கு அந்தக் குறளைச் சாயங்காலம் சொன்னேன். "நாங் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

அம்மா விசுவாசத்துக்கு வந்ததே கேட்டுத்தான். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஒரு கிராமம். கிணற்றடிக்கு ஒரு பைபிள் அம்மா வருவார். சபையிலிருந்து பெண்களிடம் வசனம் சொல்ல அனுப்புகிற பெண்மணிகளை அப்போது அப்படித்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் இறைக்கிற முறை வரும்வரை காத்திருக்கிற பெண்களுக்குப் பத்து வசனம் வாசிப்பார். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன கேட்டீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்பார். தப்பாகச் சொன்னால் மறுபடி வாசிப்பார். யோவான் 4, கிணற்றங்கரையில் சமாரியப் பெண், முதலில் கேட்டது அதுதான். குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாளே, அந்த இடம். ஊர்க்காரர்கள் முதலில் அவள் சொன்னதைக் கேட்டு வந்தார்கள், பிறகு அவளிடமே, "உன் சொல்லினிமித்தம் அல்ல, அவருடைய உபதேசத்தை நாங்களே கேட்டு" விசுவாசிக்கிறோம் என்றார்கள். அம்மாவுக்கு அந்த 'நாங்களே கேட்டு' வர மூன்று வருஷம் ஆயிற்று. ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான்.

இதனால்தான் பெட்டியோடு வந்த துண்டுச்சீட்டு என்னை எரிச்சல்படுத்தியது. தினமும் அரைமணி நேரம் ஓடவிடுங்கள், விசுவாசம் தானாக வளரும் என்று, யூரியா மூட்டையில் போட்டிருக்கிற மாதிரி எழுதியிருந்தது. 1056ஐ அடித்து ரோமர் 10ஐ முழுதாகக் கேளுங்கள். 17ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில், ரோமாபுரி சபைக்கு இதை எழுதிய பவுல், ஏசாயா தீர்க்கதரிசியின் புலம்பலை எடுத்துச் சொல்கிறார்: "கர்த்தாவே, எங்கள் மூலமாய்க் கேள்விப்பட்டதை விசுவாசித்தவன் யார்?" காதில் விழுந்தவர்கள் எல்லாரும் நம்பிவிடவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே சொன்ன வசனத்தை அட்டையில் கியாரண்டி மாதிரி அச்சடித்துவிட்டார்கள். இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையில் விதை வசனம், நிலம் அதைக் கேட்கிற மனிதர். அதிலும் நான்கு நிலமுமே கேட்ட நிலம்தான். மூன்று வீணாய்ப் போயிற்று.

ஆனால் கேட்காமலும் நடக்காது. பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று அதே அதிகாரத்தில் பவுல் கேட்கிறார். அவர் இந்தக் கடிதத்தை எழுதியதே வாயால் சொல்லித்தான். கையால் எழுதியவர் தெர்தியு. கடைசி அதிகாரத்தில் அவரே ஒரு வாழ்த்துச் சொல்கிறார். ரோமாபுரியில் ஒருவர் எடுத்து வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் பாருங்கள், வாசிக்கிறவன் என்று ஒருமையில் வரும், கேட்கிறவர்கள் என்று பன்மையில் வரும். வீட்டுக்கு ஒரு வேதாகமம் என்பது அச்சு வந்த பிறகு வந்த வசதி. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்படியில் அச்சானது 1715 வாக்கில்தான். அம்மா கேட்கிற முறை பழைய முறை, நான் மூக்குக் கண்ணாடி போட்டுப் படிப்பதுதான் புதுசு.

ரோமர் 16 அதிகாரத்தையும் கடையில் ஒரே நாளில் ஓடவிட்டேன். அறுபது வயதில், அதை முழுசாகக் கேட்டது முதல் தடவை. ஆலயத்தில் துண்டு துண்டாகத்தானே வரும். சேர்த்துக் கேட்டபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கடிதம் முழுக்கக் கேள்விதான். "ஆகையால் என்னசொல்லுவோம்? கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" உடனே அடுத்த மூச்சில், "கூடாதே." எதிரே யாரோ உட்கார்ந்து மடக்குவது போலவும், இவர் பதில் சொல்வது போலவும் போகிறது. சால்டரிங் இரும்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஞாயிறு பள்ளியில் நான் புரிந்துகொண்டதும் ஒரேயடியாகத் தப்பில்லை போலிருக்கிறது. வாத்தியாரிடம் இதைச் சொல்லவில்லை, திட்டுவார்.

இப்போது பெட்டியின் பெரிய குறைக்கு வருகிறேன். அம்மா சும்மா கேட்கிற ஆள் இல்லை. பைபிள் அம்மாவின் பழக்கம் இன்னும் விடவில்லை. நாலு வசனம் போனதும் நிறுத்தவேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும், அதில் ஒரு சந்தேகம் வரவேண்டும். என் வீட்டுக்காரி வாசிக்கும்போது "இரும்மா" என்றால் போதும். பெட்டியிடம் அது நடக்குமா? நிறுத்துகிற பொத்தான் மிளகு அளவு. அதை ஒட்டியே அடுத்த அதிகாரத்துக்குத் தாவுகிற பொத்தான், அதே அளவு, அதே வழவழப்பு. அம்மா நிறுத்த நினைத்து அழுத்தினால் யோசேப்பு குழியில் கிடக்கும்போதே கதை யூதா-தாமார் பக்கம் தாவிவிடுகிறது. இரண்டு வாரத்தில் அம்மா பெட்டியைத் தொடுவதையே விட்டுவிட்டார். அது பாட்டுக்கு ஓடும், அவர் பாட்டுக்கு வெற்றிலை இடிப்பார். அப்படி ஓடுவதற்குப் பெயர் கேட்பது இல்லை.

அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போய்க்கொண்டே ஏசாயாவை வாசிக்கிறார். வாய்விட்டுத்தான் வாசித்திருக்கவேண்டும், சுவிசேஷ ஊழியர் பிலிப்பு காதில் விழுகிறதே. புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதற்கு அந்த மந்திரி, "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லி, ரதத்தில் ஏறித் தன் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். பக்கத்தில் ஆள் உட்கார இடம் வேண்டும். இந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கு அந்த யோசனையே வரவில்லை.

விற்ற கடைக்குப் போன் செய்தேன். எண்ணாகமம் 7 பாதியில் அறுந்துபோகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். 89 வசனம், காணிக்கைப் பட்டியல், யாரும் தேட மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள் போல. "வேற யாரும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலையே" என்றார்கள். ஏழு மாதமாயிற்று, ஒன்றும் வரவில்லை.

சரி, நம்மிடம் கருவி இருக்கிறது. பெட்டியைத் திறந்து, நிறுத்துகிற பொத்தானுக்கு அடியில் இருக்கிற சின்ன டாக்ட் சுவிட்சின் இரண்டு காலில் இருந்தும் மெல்லிய வயர் எடுத்து, வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் சுவிட்ச் ஒன்றை இணைத்தேன். 25 ரூபாய். வயரை அம்மா உட்காருகிற நாற்காலிக் கை வரை இழுத்து, சுவிட்சை அங்கே திருகிவிட்டேன். ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும், இன்னொரு தட்டுக்கு விட்ட இடத்திலிருந்து பேசும். தாவுகிற பொத்தானின் மேல் டேப் ஒட்டி மூடினேன். சால்டரிங் தெரிந்த யாரும் பத்து நிமிஷத்தில் செய்யலாம். பக்கத்தில் இருப்பவர்கள் கடைக்குக் கொண்டுவந்தால் சுவிட்ச் காசு மட்டும் கொடுங்கள்.

இதற்கு முன் ரேடியோ இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. செட்டியார் வீடுகளின் வால்வு ரேடியோக்களை நான் நிறையவே பழுது பார்த்திருக்கிறேன். போட்டதும் பேசாது, சூடேறி, பச்சைக் கண் விழித்துப் பிறகு பேசும். அந்தப் பெட்டிகள் இப்போது முனீஸ்வரன் கோயில் தெருவில் அலங்காரப் பொருளாகக் கிடக்கின்றன. கடை போட்ட புதிதில் அம்மாவுக்கென்று ஒரு மர்ஃபி செட்டைத் தேற்றிக் கொடுத்தேன். சேஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா, மணிலாவிலிருந்து வேரித்தாஸ், இரண்டும் கிறிஸ்தவ வானொலி, சிற்றலையில் வரும். கடல் மாதிரி ஏறி இறங்கும், வசனம் பாதியில் போய் மீதியில் வரும். இலங்கையில் புத்தளத்திலிருந்து மத்திய அலை 882இல் வருவது மட்டும் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி தெளிவாக இருக்கும், கடலுக்கு அந்தப் பக்கம்தானே. ஃபீபா 2003இல் சேஷல்ஸ் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. சத்தத்தில் இந்தப் பெட்டி அதையெல்லாம் தோற்கடிக்கும். ஆனால் ரேடியோ நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடலாம். யோனாவை முழுங்கியது என்ன மீன் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: வேதத்தில் பெரிய மீன் என்று மட்டும்தான் இருக்கிறது, அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். அந்தக் கார்டு இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

பெல் சுவிட்ச் வைத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. கடையை ஏழு மணிக்கு மூடிவிட்டு வந்து நான் பக்கத்தில் உட்காருகிறேன். வாசிக்கிற வேலை பெட்டிக்கு, பதில் சொல்கிற வேலை எனக்கு. எனக்கு வராததை ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயாவிடம் கேட்டு வருகிறேன். வீட்டுக்காரி திரும்பி வந்துவிட்டாள், அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். வாசிக்கும்போது எனக்கு யோசிக்க நேரமே இருந்ததில்லை, இப்போதுதான் நானும் கேட்கிறேன் என்கிறாள்.

போன வாரம் யோவான் 18, எண் 1015. இயேசுவைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, தோட்டத்தில் அவர் சீடன் பேதுரு பட்டயத்தை உருவிப் பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் வலது காதை வெட்டுகிற இடம். அந்த வேலைக்காரனுக்கு மல்குஸ் என்று பெயர் என்றது பெட்டி. டொக். அம்மா நிறுத்திவிட்டார்.

"இந்தக் காதுதானே முந்தி ஒட்ட வச்சாரு?"

ஆமாம், அது லூக்காவில் வருகிறது என்றேன். நான்கு பேரும் வெட்டினதைச் சொல்கிறார்கள். தொட்டுக் குணமாக்கினதை லூக்கா மட்டும் சொல்கிறார். பெயரை யோவான் மட்டும் சொல்கிறார்.

"அந்த ஆளு அப்புறம் நம்புனானா?"

எழுதவில்லை அம்மா. அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி அவனுடைய சொந்தக்காரன் ஒருவன் பேதுருவை அடையாளம் பிடிக்கிறான், இவனைப் பற்றி வேறு பேச்சே இல்லை.

அம்மா வெற்றிலை உரலைக் கீழே வைத்தார். "சொஸ்தமான காதுல மொதல்ல என்ன விழுந்திருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரிக்கும் தெரியவில்லை. காலண்டர் தாளைப் பார்த்து 995 அடித்தேன், லூக்கா 22. நீளமான அதிகாரம், பந்தியிலிருந்து தோட்டம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. காதைத் தொட்டார், சொஸ்தப்படுத்தினார். அடுத்த வசனம், பிடிக்க வந்தவர்களைப் பார்த்து இயேசு பேசுவது. ஒரு கள்ளனைப் பிடிக்கப் புறப்படுகிறதுபோலப் பட்டயங்களையும் தடிகளையும் பிடித்துக்கொண்டு வந்தீர்களே என்று கேட்கிறார்.

டொக்.

"இதத்தான் கேட்டிருக்கான்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்.

"திரும்ப வை" என்றார்.